ஒன்பதாவது கார்

சிட்னியின் மெரிலேண்ட்ஸில் அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். சன்னல் பக்கக் கதிரையில், வெளிச்சம் இடது தோளுக்கு மேலால் தாளில் விழும்படி, கதிர்காமநாதன். ஒரு காலத்தில் இலங்கையில் வவுனியாக் கச்சேரி என்னும் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர், வயது அறுபத்தெட்டு. அவருக்கு முன்னால் கோடு போட்ட கொப்பி, எழுதுதாள், கடித உறை, பசைக்குச்சி. எதிரே, குசினிக்குப் போகும் வழியை மறித்தபடி, மனைவி சந்திரவதனா. வாசல் பக்கக் கதிரையில், ஒயில் கறை படிந்த உடுப்புக்குக் கீழே பழைய பத்திரிகை விரித்து, சுஜீதன். நாலு தெரு தள்ளியிருக்கும் கராஜில் வாகனங்களை வருடாந்தம் சோதித்துச் சீட்டுக் கொடுப்பவன். நாலாவது கதிரையில் யாரும் இல்லை. அதையும் கதிர்காமநாதன் கவனித்து வைத்தார்; கூட்ட அறிக்கை எழுதிப் பழகிய கை. பேச்சு ஏற்கெனவே தொடங்கியிருந்தது.

சுஜீதன்: …ஒரு குறையும் இல்லை அங்கிள். லைற், பிறேக், ஹோர்ன், சீற் பெல்ற், எல்லாம் சரி. பாஸ். இந்தாங்கோ சீட்டு.

கதிர்: எத்தனை மணிக்குச் சோதிச்சனீர்?

சுஜீதன்: எட்டரை இருக்கும்.

கதிர்: இருக்குமோ, இருந்ததோ?

சுஜீதன்: எட்டு முப்பத்திரண்டு. சீட்டிலயே அடிச்சிருக்கு.

வதனா: பிள்ளை தேத்தண்ணியைக் குடிக்கட்டும் அப்பா. கோட்டுக் கூண்டில நிக்கிற ஆளை விசாரிக்கிற மாதிரி…

கதிர்: எழுதிறதை ஒழுங்கா எழுதோணும். முதலாம் கார், ஆறாம் வருசம், முதல் தரத்திலயே பாஸ். இதோட நாப்பத்தைஞ்சு சோதினை. நாப்பது பாஸ். அஞ்சு பெயில்.

சுஜீதன்: பெயிலான அஞ்சும் என்னென்ன எண்டும் இருக்கோ?

கதிர்: ரெண்டு ரயர். ஒண்டு பிறேக் லைற் பல்ப். ஒண்டு முன் கண்ணாடி வெடிப்பு. ஒண்டு ஒயில் கசிவு. அந்த ஒயில் கசிவு ஞானம்மாள் ரீச்சரின்ர கார். அது காரின்ர பிழை இல்லை. மூடியை இறுக்காமல் விட்டது அவவின்ர மருமகன்.

சுஜீதன்: அது எப்பிடித் தெரியும்?

கதிர்: அவரே ஒத்துக்கொண்டவர்.

வதனா: எங்க வைச்சு ஒத்துக்கொண்டவர் எண்டு கேளும் தம்பி. மேய்ஸ் ஹில் கோயில்ல. உள்ளுக்குத் தீபாராதனை நடக்குது, இவர் வெளிய கார் விடுற இடத்தில, கொப்பியும் கையுமா. இந்த மாடல் கார் ஒண்டு உள்ள வந்தாக் காணும். அந்தச் சனம் செருப்புக் கழட்ட முந்தி இவர் போய் நிப்பார். "வணக்கம், உங்கட வாகனம் கடைசியா எப்ப சோதினைக்குப் போனது?"

சுஜீதன்: பயந்திடுவினம்.

வதனா: ஒரு ஆள் இவரைத் தண்டம் எழுத வந்த கவுன்சில் ஆள் எண்டு நினைச்சு, அப்பிடியே காரைத் திருப்பிக்கொண்டு போட்டார். சாமியும் கும்பிடேல்ல, பாவம்.

கதிர்: அவர் அடுத்த கிழமை வந்தவர். அவற்றதான் ஏழாம் கார். அஞ்சு வருசம், அஞ்சும் பாஸ்.

வதனா: பாத்தீரே.

சுஜீதன்: அன்ரி, உங்களுக்குத் தெரியுமோ, கராஜிலயும் இவரைத் தெரியும். "அந்த மாடல் அங்கிள் வாறார்" எண்டுதான் சொல்லுறவங்கள்.

கதிர்: சொல்லட்டும். பழைய கார் வாங்கிற சனம் நிறத்தைப் பாக்குது, பாட்டுப் பெட்டியைப் பாக்குது. வருசா வருசம் சோதினையில தேறுதோ எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. ஒரு மாடல் நல்லதோ கூடாதோ எண்டு சொல்லுறது விளம்பரம் இல்லை தம்பி. இந்தச் சீட்டு.

சுஜீதன்: அது சரிதான் அங்கிள். இந்த மாடல் எங்களிட்ட வந்தா, நாங்களும் யோசிக்கிறேல்ல. பதினைஞ்சு வயசிலயும் இடுப்பு நிமிர்ந்துதான் நிக்குது.

கதிர்: கேட்டீரோ வதனா? சோதிக்கிற ஆள் சொல்லுறார்.

வதனா: எனக்கு ஏன் சொல்லுறியள்? நான் எப்ப காரைக் குறை சொன்னனான்?

கதிர்: உமக்கில்லை. சொல்லவேண்டிய ஆளுக்குச் சொல்லப் போறன். இந்தக் கணக்கு முழுக்க இண்டைக்குக் கடிதத்தோட போகுது. இணைப்பு ஒண்டு.

வதனா: போகாது.

கதிர்: போகும்.

வதனா: சுஜீதன், நீரே சொல்லும். வரதன் தம்பி இவரிட்டக் கேட்டது என்ன, இவர் அனுப்பப் போறது என்ன… அந்தக் கடிதத்தை எடுங்கோ அப்பா. எடுத்து வாசியுங்கோ.

கதிர்: ஏன், அது பாடமாயிருக்கு. "அண்ணா அறிவது. பார்கவியின் கலியாண அழைப்பிதழ் வருகிற வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெரியப்பா, பெரியம்மா பெயர் போடுவதா, விடுவதா என்று எழுத்தில் அறியத் தரவும். வரதராஜா." அவ்வளவுதான். நலமா எண்டு ஒரு சொல் இல்லை.

சுஜீதன்: ஆறு வருசத்துக்குப் பிறகு வந்த முதல் கடிதம் எல்லோ.

கதிர்: அதுக்குத்தான் சொல்லுறன். ஆறு வருசத்துக்குப் பிறகு எழுதிறவன், கூடப் பிறந்த தமையனுக்கு, மின்சாரக் கந்தோருக்கு எழுதிற மாதிரி எழுதியிருக்கிறான்.

வதனா: எழுதினாரோ இல்லையோ? வாயால கேட்டா வீம்பில ஏதும் சொல்லிப்போடுவியள் எண்டுதான் எழுத்தில கேட்டிருக்கிறார். ரெண்டு வருசம் இந்த வீட்டில, அந்தா அந்தக் கதிரையில இருந்து படிச்ச பிள்ளை. அதின்ர கலியாணத்தில பெரியப்பா பெரியம்மா பேர் இல்லாமல் காட் அடிச்சா… நான் பிறகு ஆற்ற முகத்தில முழிக்கிறது?

கதிர்: பேர் போட வேண்டாமெண்டு நான் சொல்லேல்லையே.

வதனா: போடச் சொல்லியும் எழுதேல்லையே.

கதிர்: எழுதியிருக்கிறன், இண்டையான் கணக்குக்கு மட்டும் இடம் விட்டு. கேளும். சுஜீதன், நீரும் கேளும்.

சுஜீதன்: அங்கிள், போஸ்ற் ஒபிஸ் பன்னிரண்டுக்குப் பூட்டிடும். நான் போற வழியில போட்டிடுறன் எண்டுதான்…

கதிர்: நேரம் கிடக்கு. "அன்புள்ள தம்பி வரதனுக்கு, உனது கடிதம் கிடைத்தது. பதில் எழுதுமுன் ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்த வேண்டியுள்ளது. 2019ஆம் ஆண்டு யூன் மாதம் நான் உனக்குக் கையளித்த, 2010ஆம் ஆண்டு மாடல் வெள்ளைக் கார், கையளிப்பதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன் சிட்னியில் வருடாந்தச் சோதனையில் தேறியது. அதே கார் மெல்பேணில் பதிவு செய்யக் கொண்டுபோனபோது தேறவில்லை என்றும், அண்ணன் ஓட்டைக் காரைத் தலையில் கட்டிவிட்டார் என்றும், நீ உன் வீடு குடிபுகுந்த விழாவில் நாற்பத்திரண்டு பேருக்கு முன்னால் சொன்னாய்…"

சுஜீதன்: நாப்பத்திரண்டு பேரோ?

கதிர்: சின்னப்பிள்ளையளை விட்டிட்டன்.

வதனா: சோத்துக் கோப்பையைக் கையில வைச்சுக்கொண்டு எண்ணியிருக்கிறார் தம்பி. எண்ணி முடிச்சிட்டுத்தான் கோப்பையை வைச்சவர். வைச்சிட்டு, "வதனா, வெளிக்கிடும்" எண்டார். பாயாசமும் குடிக்கேல்ல.

கதிர்: குடிக்கேலுமோ? சீட்டு என்ர சட்டைப் பையில கிடந்தது. பாஸ் எண்டு அடிச்ச சீட்டு. அதைக் காட்ட விடேல்ல அவன்.

வதனா: வந்து என்ன செய்தார் தெரியுமோ? கோபத்தில, அதே மாடலை, அதே வருசத்துக் காரை, அதே வெள்ளை நிறத்தில தேடிப்பிடிச்சு வாங்கினவர். "இது எத்தனை வருசம் தேறுது எண்டு பாப்பம்" எண்டு. அண்டைக்குத் தொடங்கினது இந்தக் கொப்பி.

கதிர்: ஒரு காரை வைச்சு ஒண்டும் நிறுவேலாது. அதுதான் மற்றவையின்ர காரையும் சேர்த்தனான்.

சுஜீதன்: சரி… பிறகு கடிதத்தில என்ன?

கதிர்: "அதே மாடல் கார்கள் ஒன்பதின் பதிவுகளை இத்துடன் இணைத்துள்ளேன். ஆறு வருடங்களில் ஐம்பத்தொரு சோதனை. முதல் தரத்திலேயே தேறியவை நாற்பத்தாறு. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்…"

சுஜீதன்: பொறுங்கோ. ஒன்பதோ?

கதிர்: ஒன்பது.

சுஜீதன்: இப்பத்தானே நாப்பத்தைஞ்சு சோதினை எண்டு சொன்னியள்.

கதிர்: அது சிட்னிக் கார் எட்டும். ஒன்பதாவது, நீர் வருசா வருசம் கொண்டுவந்து தாற மெல்பேண் கார். ஆறு தரம் போனது, ஆறும் பாஸ்.

வதனா: அது வேண்டாம்.

கதிர்: ஏன் வேண்டாம்?

வதனா: அது… அது வேற ஊர்க் கார். சிட்னிக் காரோட எப்பிடிச் சேர்க்கிறது? நீங்களே ஒழுங்கு ஒழுங்கு எண்டு சொல்லுறனியள்.

சுஜீதன்: ஓம் அங்கிள். அன்ரி சொல்லுறது சரி. அது கணக்கைக் குழப்பிப்போடும்.

கதிர்: குழப்பாது. அதை விட்டா நூற்றுக்கு எண்பத்தொன்பது. சேர்த்தாத்தான் தொண்ணூறு தாண்டுது.

சுஜீதன்: ஒரு புள்ளி தானே.

கதிர்: ஒரு புள்ளியில சோதினை பெயிலான ஆக்களை எனக்குத் தெரியும். அதோட, அதுதான் நல்ல கார். மெல்பேணில வருசா வருசம் சோதிக்கச் சொல்லிச் சட்டம் இல்லை. விக்கேக்கை, பேர் மாத்தேக்கை மட்டும்தான். அப்பிடியிருக்க, ஒருத்தர் தன்ர பாட்டில, ஆரும் கேக்காமல், ஆறு வருசம் கொண்டுபோய்ச் சோதிச்சுச் சீட்டு எடுக்கிறார். ஏன் தம்பி?

சுஜீதன்: அவர் கொஞ்சம்… பயந்த ஆள்.

கதிர்: எதுக்குப் பயம்?

சுஜீதன்: பொதுவா. றோட்டுக்கு.

கதிர்: எவடம் எண்டு சொன்னனீர்?

சுஜீதன்: டண்டினோங் பக்கம்.

கதிர்: பேர்?

சுஜீதன்: பேர் போட வேண்டாம் எண்டு சொன்னவர், அங்கிள். எத்தினை தரம் கேக்கிறது. கூச்ச சுபாவம்.

கதிர்: ஆள் சுகமா இருக்கிறாரோ?

சுஜீதன்: ஆர்?

கதிர்: அந்தக் கூச்ச சுபாவக்காரர்.

சுஜீதன்: இருக்கிறார்… ஏன் கேக்கிறியள்?

கதிர்: கார் வைச்சிருக்கிறவர் சுகமா இருந்தாத்தானே காரும் நேரத்துக்குச் சோதினைக்குப் போகும்.

வதனா: சுகம்தான், சுகம்தான். பிறஷரும் இப்ப குறைஞ்சிட்டுதாம்.

கதிர்: உமக்கு எப்பிடித் தெரியும்?

வதனா: …எனக்கோ?

கதிர்: உமக்குத்தான்.

வதனா: சுஜீதன் தானே சொன்னது. என்ன தம்பி?

சுஜீதன்: ஓம், ஓம். போன கிழமை சொன்னனான். கீரை சாப்பிடத் தொடங்கினவராம்.

கதிர்: காரைப் பற்றிக் கேட்டா நாலு சொல்லு. கீரையைப் பற்றி இவ்வளவு விவரம்.

வதனா: தேத்தண்ணி ஆறுது, குடியும் தம்பி. ஒன்பதாவதை வெட்டுங்கோ அப்பா. எட்டோட விடுங்கோ. விட்டா, எட்டையும் விடலாம்.

கதிர்: எட்டையும் விட்டா என்ன மிஞ்சும்?

வதனா: "பேர் போடு" எண்ட ரெண்டு சொல்லு மிஞ்சும். அதுக்குத்தான் வரதன் தம்பி பாத்துக்கொண்டு இருக்கிறார்.

கதிர்: அவன் பாத்துக்கொண்டு இருக்கட்டும். நான் பொய்ச் சீட்டுக் காட்டிக் கார் வித்தவன் எண்ட பேரோட போய்க் கலியாண வீட்டில முன்வரிசையில இருக்கமாட்டன். எனக்கு நீதி வேணும்.

சுஜீதன்: அங்கிள்… நான் ஒண்டு சொல்லட்டோ?

கதிர்: சொல்லும்.

சுஜீதன்: கோபிக்கக்கூடாது.

கதிர்: கோபிக்கிறதெண்டா சொல்ல முந்தியே கோபிச்சிருப்பன்.

சுஜீதன்: நீங்கள் அண்டைக்கு வித்த கார்… அதின்ர சீட்டில கையெழுத்து என்ர முதலாளியின்ர. ஆனா காரைப் பாத்தது நான். அப்ப நான் அவருக்குக் கீழ பழகிக்கொண்டு இருந்தனான்.

வதனா: தம்பி, இதை எனக்கும் நீர் சொல்லேல்லையே.

சுஜீதன்: நான் ஒண்டும் பிழையாப் பாக்கேல்ல, அன்ரி. இஞ்ச சோதினை எண்டா, லைற் பாப்பம், ரயர் பாப்பம், கீழ குனிஞ்சு பாப்பம், றோட்டில ஓடிப் பிறேக்கை மிதிச்சுப் பாப்பம். நிக்க வேண்டிய தூரத்துக்குள்ள நிண்டா பாஸ். சில்லைக் கழட்டிறேல்ல. மெல்பேணில அப்பிடி இல்லை. பேர் மாத்திற சோதினையில சில்லைக் கழட்டி, பிறேக் தட்டு எத்தினை மில்லிமீற்றர் தடிப்பு எண்டு அளந்து, படமும் எடுத்து வைக்கோணும்.

கதிர்: …அப்ப?

சுஜீதன்: அண்டைக்கு அங்க பெயிலானது ரெண்டு விசயம். முன் பிறேக் தட்டு தேய்ஞ்சிருந்தது. கீழ ரெண்டு ரப்பர் புஷ் வெடிச்சிருந்தது. பிறேக் இஞ்ச நல்லாத்தான் பிடிச்சது, அங்கிள். அங்க அளந்து பாக்கேக்கை தடிப்புக் காணாது. புஷ் வெடிப்பு, குனிஞ்சு பாத்தாத் தெரியாது, தடி போட்டு நெம்பினாத்தான் தெரியும்.

கதிர்: நீர் நெம்பேல்ல.

சுஜீதன்: நெம்பேல்ல. இண்டைக்கெண்டா நெம்புவன்.

கதிர்: அப்ப அந்தச் சீட்டு…

சுஜீதன்: பொய் இல்லை. இஞ்சத்தைய சட்டத்துக்கு இஞ்ச பாஸ். அங்கத்தைய சட்டத்துக்கு அங்க பெயில். ஒரே கார், ஒரே மாசம். நீங்கள் சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. "தலையில கட்டினது" எண்ட சொல்லு மட்டும்தான் பிழை.

வதனா: அந்தச் சொல்லுக்கு அவர் எத்தினை தரம் மனவருத்தப்…

கதிர்: என்ன?

வதனா: …பட்டிருப்பார். பட்டிருப்பார் எண்டு சொல்லுறன்.

கதிர்: ஆறு வருசமா ஏன் இதைச் சொல்லேல்ல, தம்பி?

சுஜீதன்: நீங்கள் கேக்கேல்ல, அங்கிள். ஒவ்வொரு வருசமும் வருவியள், "பாஸோ, பெயிலோ" எண்டு கேப்பியள், எழுதுவியள், போவியள். சில்லைக் கழட்டினனீரோ எண்டு ஒரு நாளும் கேக்கேல்ல. நானும்… எனக்கும் வாய் வரேல்ல. எனக்குள்ளயும் ஒரு முள்ளுக் கிடந்தது. ஒருக்கா நெம்பியிருந்தா, ரெண்டு வீடும் கதைச்சுக்கொண்டு இருந்திருக்கும்.

வதனா: பிள்ளையை ஏசாதேங்கோ.

கதிர்: நான் ஏசேல்ல. யோசிக்கிறன். கச்சேரியில ஒரு கோப்பு வந்தா, எந்தச் சட்டத்துக்குக் கீழ விண்ணப்பம் எண்டுதான் முதல் பாப்பம். ரெண்டு சட்டம் எண்டு தெரியாமல் பதில் எழுதினா, எழுதின ஆள்தான் முட்டாள். அந்த முதல் கேள்வியைக் கேக்காமல் நான் ஒரு கொப்பியே எழுதி வைச்சிருக்கிறன்.

சுஜீதன்: கொப்பி நல்ல கொப்பிதான், அங்கிள். கார் வாங்கிற ஆரும் வந்தாக் குடுக்கலாம்.

கதிர்: ஓம். கார் வாங்கிற ஆளுக்குக் குடுக்கலாம். தம்பிக்காரனுக்குக் குடுக்கேலாது… வதனா, இந்தத் தாளை எடுத்துக் கிழியும்.

வதனா: உண்மையாவோ?

கதிர்: நாலாக் கிழியும். எட்டாக் கிழிச்சாலும் சரி. புதுத் தாள் ஒண்டு தாரும். நேரம் என்ன?

சுஜீதன்: பதினொண்டு பத்து.

கதிர்: காணும். ரெண்டு பேரும் கதையாதேங்கோ.

வதனா: கதைக்கேல்ல.

கதிர்: மூச்சு விடலாம்.

சுஜீதன்: விடுறம்.

கதிர்: …சரி. கேளுங்கோ. "அன்புள்ள தம்பி வரதனுக்கு, நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. எங்கள் இருவர் பெயரையும் போடு. பெரியப்பா நாகலிங்கம் கதிர்காமநாதன், பெரியம்மா சந்திரவதனா. எழுத்துப் பிழை வராமல் அச்சுக்கு முன் நீயே ஒரு தரம் பார். கார் விடயத்தில் நீ சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி என்று இன்று காலை அறிந்தேன். ஆறு வருடத்துக்கு முன் யாரிடமாவது கேட்டிருக்கலாம். மூத்தவன் நான்தான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கலியாணத்துக்கு மூன்று நாள் முந்தி வருவோம். பந்தல் வேலை, பந்தி வேலை எதுவென்றாலும் சொல்லு. கணக்கு எழுதும் வேலை ஏதும் இருந்தால் அதை வேறு ஒருவருக்கும் கொடாதே. பார்கவிக்கு எங்கள் ஆசீர்வாதம். இப்படிக்கு, அன்புள்ள அண்ணன்."

வதனா: இன்னொருக்கா வாசியுங்கோ.

கதிர்: பிழை ஏதும் இருக்கோ?

வதனா: இல்லை. கேக்க நல்லாயிருக்கு.

கதிர்: நேரம் போகுது. கண்ணைத் துடையும், மேசையில விழுது. மை ஊறும்.

சுஜீதன்: அங்கிள்… எனக்கும் அந்த முள்ளுக் கழண்ட மாதிரி.

கதிர்: அந்த மட்டில சரி. பொறும், கீழ ஒரு வரி சேர்க்கோணும்.

வதனா: என்ன வரி?

கதிர்: பின்குறிப்பு.

வதனா: காட்டுங்கோ.

கதிர்: மடிச்சாச்சு. பசைக்குச்சி எங்க? … சரி, ஒட்டியாச்சு. முத்திரை வேண்டாம், தம்பி. விரைவுத் தபால்ல போடும். விலாசம் நல்லா வாசிக்கலாமோ?

சுஜீதன்: அச்சடிச்ச மாதிரி இருக்கு.

வதனா: அப்பா, பின்குறிப்பில என்ன எழுதினியள்?

கதிர்: ஒன்பதாவது காரைப் பற்றி ஒரு வரி.

வதனா: ஐயோ, ஏன்? எல்லாத்தையும் விட்டிட்டு அந்தக் காரையோ…

சுஜீதன்: அங்கிள், ஒட்டினதைத் திறக்கேலுமோ?

கதிர்: ஒட்டின கடிதத்தைத் திறக்கிற வழக்கம் எனக்கில்லை. ஏன் திறக்கோணும்?

சுஜீதன்: அன்ரி… சொல்லிப்போடுவம்.

வதனா: நீர் சொல்லும்.

சுஜீதன்: நீங்கள் சொல்லுங்கோ. உங்கட சொந்தம்.

வதனா: இஞ்சேருங்கோ… கோபிக்காதேங்கோ. அந்த ஒன்பதாவது கார், வரதன் தம்பியின்ர கார். நீங்கள் குடுத்த அதே கார். அவர் அதை விக்கேல்ல. பிறேக்கையும் அந்த ரப்பரையும் மாத்தினாப் பிறகு அது ஒரு நாளும் கரைச்சல் குடுக்கேல்லையாம். நீங்கள் கொப்பி எழுதிறியள் எண்டு அவற்ற மனுசி விமலா சொல்லி, அவர்தான், "அண்ணனுக்கு இதையும் குடுங்கோ, என்ர பேரைச் சொல்லாதேங்கோ" எண்டு வருசா வருசம் சோதிச்சுச் சுஜீதனுக்குச் சீட்டு அனுப்பினவர்.

கதிர்: விமலாவுக்கு ஆர் சொன்னது?

வதனா: நான்தான். வியாழக்கிழமையில போனில கதைக்கிறனாங்கள்.

கதிர்: நீர் ஹரிஸ் பார்க்குக்குக் கீரை வாங்கப் போற நாள்.

வதனா: ஓம்.

கதிர்: கீரை வாங்க ஒண்டரை மணித்தியாலம் ஏன் எண்டு நான் ஒரு நாளும் கேக்கேல்ல, கவனிச்சீரோ?

வதனா: …ஏன் கேக்கேல்ல?

கதிர்: சுஜீதன், முதல் வருசம் நீர் கொண்டுவந்த சீட்டில பேரைக் கறுப்பு மையால அழிச்சனீர். நம்பர் பிளேற்றையும் அழிச்சனீர். சேஸி நம்பரை விட்டிட்டீர். அந்தக் காரை ஒன்பது வருசம் வைச்சிருந்தவன் நான். அந்தப் பதினேழு எழுத்தும் எனக்கு இப்பவும் பாடம்.

சுஜீதன்: முதல் வருசமே தெரியுமோ?

கதிர்: முதல் வருசம், அந்தத் தாளைக் கையில வாங்கின நேரமே.

வதனா: தெரிஞ்சுகொண்டோ எங்களை இவ்வளவு நேரமும், ஆள் சுகமோ, பேர் என்ன எண்டு… அப்ப அந்தப் பின்குறிப்பு?

கதிர்: "இந்த வருடச் சீட்டில் உன் காரின் முன் ரயர் இரண்டும் ஓரத்தில் தேயத் தொடங்கியதாக எழுதியிருக்கிறது. கலியாண ஓட்டத்துக்கு முன் மாற்று. மழைக்காலம்." அவ்வளவுதான்.

வதனா: பிறகு ஏன் அப்பா அந்த எட்டுக் காருக்கும் பின்னால, கோயில் வாசல்ல, வெயிலுக்க ஆறு வருசம் திரிஞ்சியள்?

கதிர்: ஒரு காரை மட்டும் வருசா வருசம் விசாரிச்சா, நான் ஆரை விசாரிக்கிறன் எண்டு நீங்கள் ரெண்டு பேரும் கண்டுபிடிச்சிருப்பியள்… ஓடும் தம்பி, பன்னிரண்டுக்குப் பூட்டிப்போடுவாங்கள்.